புகாருக்குப் பிறகான ஐந்து ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் குறித்த செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. புகார் எழுந்த நாளில் ஒரு செய்தி, கைது நடந்தால் இன்னொரு செய்தி, தீர்ப்பு வந்தால் மற்றொரு செய்தி என்ற அளவில் அவை அமைகின்றன. இந்தச் செய்திகளுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் அவற்றுக்குப் பின்வரும் ஆண்டுகளிலும் புகார் கொடுத்த பெண்ணின் வேலைக்கும் வருமானத்துக்கும் குடும்பத்துக்கும் என்ன நேர்கிறது என்பது அநேகமாக எங்கும் பதிவாவதில்லை. அதைப் பற்றிச் சில விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

நான் அரசுடைமை வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் எங்கள் மண்டல அலுவலகத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு, ஊழியர் வழக்கில் சொன்னால் விசாகா கமிட்டிக்கு, தலைமை வகித்தேன். என் பெயரையும் வங்கியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. என் பெயர் அச்சில் வந்தால், எங்களிடம் புகார் கொடுத்த பெண்கள் யார் யார் என்பதை அங்கே பணிபுரிவோர் ஒரு மணி நேரத்தில் கணக்கிட்டுவிடுவார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். புகார் கொடுத்த பெண்ணை நிர்வாகம் தண்டிக்கும்போது, அது தண்டனை என்ற பெயரில் வருவதே இல்லை. இடமாறுதல் உத்தரவு, மெமோ, ஆண்டு மதிப்பீட்டில் குறையும் நான்கைந்து மதிப்பெண், புதுப்பிக்கப்படாத ஒப்பந்தம் என்று அன்றாட அலுவலகக் காகிதங்களின் வடிவத்திலேயே வருகிறது. ஒவ்வொரு காகிதத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் குற்றம் எதுவும் தெரியாது. நம் சட்டமோ துன்புறுத்தலை விசாரிக்க வழி செய்துவிட்டு, அந்தக் காகிதங்கள் வரத் தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 25 அன்று அளித்த ஒரு தீர்ப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பஞ்சாப் அண்ட் சிந்த் வங்கியின் இந்தூர்க் கிளையில் ஸ்கேல் 4 என்னும் உயர்நிலையில் பணியாற்றிய பெண் அதிகாரி ஒருவர், கிளையில் நடந்த முறைகேடுகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியிருந்தார். தம் மண்டல மேலாளர் மீது பாலியல் துன்புறுத்தல் புகாரும் அளித்திருந்தார். 2017 டிசம்பரில் அவர் ஜபல்பூர் மாவட்டத்தின் சர்சவா என்னும் கிளைக்கு மாற்றப்பட்டார். வங்கிப் பணியில் இருந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அது ஸ்கேல் 1 அதிகாரி, அதாவது பணியில் புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரி, பொறுப்பு வகிக்க வேண்டிய கிளை. சம்பளம் குறையவில்லை, பதவிப் பெயரும் மாறவில்லை. ஆனால் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வங்கி விடாமல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, அப்பெண் பழிவாங்கப்பட்டிருக்கிறார் என்பதில் ஐயமில்லை என்று சொல்லி, அவரை மீண்டும் இந்தூரிலேயே ஓராண்டுக்கு அமர்த்த ஆணையிட்டது. செலவுத் தொகையாக 50,000 ரூபாய் வழங்கவும் சொன்னது. வங்கியின் விசாரணைக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தவர் அதே வங்கியின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தவர் என்பதையும் நீதிமன்றம் கண்டித்தது.

தீர்ப்பை வாசித்துவிட்டு நீதி கிடைத்துவிட்டது என்று மகிழ்வது எளிது. உத்தரவு பிறந்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஸ்கேல் 4 அதிகாரி ஒருவருக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இருக்கும். தீர்ப்பு வரும் வரை தாக்குப்பிடிக்கச் சம்பளமும் இருக்கும். அவருக்கே இந்நிலை என்றால், தினக்கூலிக்குக் கூட்டிப் பெருக்க வரும் பெண்ணோ, ஆறு மாத ஒப்பந்தத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும் பெண்ணோ எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

எங்கள் குழுவிடம் வந்த புகார்களில் ஒன்றைப் பற்றி, அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களைக் குறைத்துச் சொல்கிறேன். புகார் கொடுத்தவர் கிளை ஒன்றில் கவுன்ட்டரில் பணியாற்றிய எழுத்தர். புகாருக்கு உள்ளானவர் அவருடைய மேலாளர். குழு விசாரித்துப் புகார் உண்மை என்று அறிக்கை கொடுத்தது. மேலாளருக்கு ஊதிய உயர்வு ஒன்று நிறுத்தப்பட்டது. அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். எங்கள் கோப்பில் இது வெற்றிகரமாக முடிந்த புகார். ஆனால் அதே கிளையில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அன்றிலிருந்துதான் சிக்கலாகியது. மதிய உணவு வேளையில் ஒன்றாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு நேரத்துக்குச் சாப்பிடப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. புதிதாக வந்த மேலாளர் பழைய மேலாளரின் நண்பர் என்பது அவர்களுக்குத் தெரியும். மாலையில் பணக்கணக்கு முடிக்கும்போது நூறு, இருநூறு குறைந்தால் காசாளர் கைப்பணத்தைப் போட்டு நேர் செய்துவிட்டுப் போவது எல்லாக் கிளைகளிலும் உள்ள வழக்கம். இவருக்குக் குறைந்தபோது மட்டும் மெமோ வந்தது. பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டார்கள். விடுப்பு விண்ணப்பங்கள் மேசையில் நாள் கணக்கில் கிடந்தன. இவற்றில் எதையும் குழுவிடம் கொண்டுவர முடியாது. ஏனெனில் எதுவும் பாலியல் துன்புறுத்தல் இல்லை.

தொழிற்சங்கம் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். இருதரப்புக்கும் சங்கம் உண்டு; இரண்டு சங்கங்களின் தலைவர்களும் ஒரே மேசையில் நிர்வாகத்தோடு பேசுபவர்கள். "பேசித் தீர்த்துக்கொள்ளலாமே, எதற்கம்மா எழுத்தில் கொடுத்தீர்கள்?" என்பதுதான் அந்த எழுத்தருக்குக் கிடைத்த முதல் ஆலோசனை. பழைய மேலாளரின் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவர் வீட்டுக்கே வந்து, மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோய்விடும் என்று அழுதார். அன்றிரவு இவருடைய மாமியார், "ஊரில் இத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னபோது, நடந்த துன்புறுத்தலைவிட அந்தக் கேள்விதான் தம்மை உறங்கவிடாமல் செய்ததாகச் சொன்னார்.

அவர் இழந்தவற்றில் பெரியது எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது. பதவி உயர்வுத் தேர்வு எழுத அவருக்குத் தகுதி இருந்தது, தயாரித்துக்கொண்டும் இருந்தார். புகாருக்குப் பிறகு விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டார். எழுத்தரை மாநிலத்துக்கு உள்ளேயே, பெரும்பாலும் பக்கத்து மாவட்டங்களுக்குத்தான் மாற்ற முடியும். அதிகாரியாகிவிட்டால் நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். நிர்வாகத்துக்குத் தம்மீது வருத்தம் இருக்கிறது என்பதை அறிந்த ஒரு பெண், இரண்டு பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்த அதிகாரத்தைத் தாமே அவர்கள் கையில் எடுத்துக் கொடுப்பாரா? ஆக, பணியில் எஞ்சிய ஆண்டுகள் முழுவதற்குமான சம்பள வேறுபாடும், அதைச் சார்ந்த ஓய்வூதிய வேறுபாடும் அந்த ஒரு புகாரின் விலையாயின. மேலாளரின் ஊதிய உயர்வு ஒருமுறை நின்றதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டனை யாருக்கு அதிகம் என்பதைக் கணக்கு தெரிந்த எவரும் சொல்லிவிடலாம்.

காகிதத்தில் எழுதப்படும் காரணம் எப்போதும் வேறொன்றாக இருக்கும் என்பது வங்கிகளுக்கு மட்டும் உரிய தன்மையன்று. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி ஒரு மூத்த பாடலாசிரியர் மீது வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். பாடலாசிரியர் அதை மறுத்தார். அடுத்த மாதமே சின்மயி டப்பிங் கலைஞர்களின் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா செலுத்தவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். குற்றச்சாட்டின் உண்மை பொய்யைத் தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் ஒரு தொழிலில் வாய்ப்புகளைத் திறந்துவிடும் கதவு, குற்றச்சாட்டு எழுந்த சில வாரங்களிலேயே சந்தாக் கணக்கின் பெயரால் மூடப்பட்டதை நாடே பார்த்தது. ஒப்பந்தத்தில் பணிபுரிவோருக்கு இவ்வளவும் தேவையில்லை. "உங்கள் ஒப்பந்தம் மார்ச் 31-உடன் முடிகிறது" என்ற ஒரு வரி போதும். அதைக்கூட எழுதாமல் வாயால் சொல்லி அனுப்புகிறார்கள்.

பதவி உயரமாக இருந்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இரண்டு வழக்குகளை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1988 ஜூலையில் சண்டிகரில் மூத்த அதிகாரிகள் கூடிய விருந்தொன்றில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தம்மிடம் அத்துமீறி நடந்துகொண்டதாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1995-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இறுதித் தீர்ப்பு 2005-இல் வந்தது. பதினேழு ஆண்டுகள். நம் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில், அப்போதைய சட்டம் ஒழுங்கு சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்த பெண் எஸ்.பி. ஒருவர், பரனூர் சுங்கச்சாவடியில் காவலர்களால் வழிமறிக்கப்பட்டார். ஒரு மாவட்டத்தின் காவல் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் பதவியில் உள்ளவரே புகார் மனுவோடு சென்னை சேர முடியாமல் சாலையில் நிறுத்தப்படுகிறார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் டி.ஜி.பி.க்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. வழிமறித்த விவகாரத்தில் குற்றவாளியான வேறொரு எஸ்.பி.க்கு விதிக்கப்பட்டது 500 ரூபாய் அபராதம். புகாரைத் தடுப்பதற்கு நாம் வைத்திருக்கும் விலை அவ்வளவுதான்.

பத்திரிகையாளர் பிரியா ரமணியின் நிலைமை வேறு வகை. 2018 அக்டோபரில் அவர் முன்னாள் பத்திரிகை ஆசிரியரும் அப்போதைய மத்திய இணையமைச்சருமான எம்.ஜே. அக்பர் மீது குற்றஞ்சாட்டியதும், அக்பர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். குற்றஞ்சாட்டிய பெண் குற்றவியல் வழக்கில் எதிரியாகக் கூண்டில் நிற்க நேர்ந்தது. 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெண் தன் குறையை எந்த மேடையிலும், பல பத்தாண்டுகள் கழித்தும் சொல்லலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. நல்ல தீர்ப்புதான். அதைப் பெறுவதற்காக அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படியேறினார் என்பதும் உண்மை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1992-இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் மகளிர் வளர்ச்சித் திட்டத்தின் களப் பணியாளரான பன்வாரி தேவி, அரசு கொடுத்த வேலையாகக் குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றார். அதற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார். புகார் கொடுத்த பிறகு ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. மண்பாண்டம் செய்து விற்கும் அக்குடும்பத்திடம் பானை வாங்குவதையே நிறுத்தினார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அந்த வன்முறைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவரை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அந்த நெறிமுறைகளில் ஒரு வரி உண்டு: புகார் கொடுத்தவரும் சாட்சிகளும் பழிவாங்கப்படாமலும் பாகுபாட்டுக்கு உள்ளாகாமலும் இருப்பதை நிர்வாகம் உறுதி செய்ய வேண்டும். பன்வாரி தேவியின் பானைகள் விலைபோகாமல் கிடந்ததை அறிந்தவர்கள் அந்த வரியின் அவசியத்தை உணர்வார்கள்.

பதினாறு ஆண்டுகள் கழித்து 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, பழிவாங்கலைத் தனிக் குற்றமாக்கித் தடை செய்யும் பிரிவு எதையும் அதில் சேர்க்கவில்லை. மாறாக, பொய்ப் புகார் கொடுப்போர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்னும் 14-ஆவது பிரிவு சேர்ந்தது. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்று அதே பிரிவு சொல்வது உண்மை. ஆனால் விசாரணை அறைக்குள் வந்து உட்காரும் பெண்ணிடம் எதிர்த்தரப்பினர் முதலில் நினைவூட்டுவது இந்தப் பிரிவின் முற்பாதியைத்தான்; பிற்பாதியை நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டத்தின் மற்றப் பிரிவுகளும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டு, நடைமுறையில் திசைமாறிப் போனவை. விசாரணை நடக்கும்போது, பெண் எழுத்தில் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பினரையோ இடமாற்றம் செய்யலாம் என்கிறது 12-ஆவது பிரிவு. எதிர்த்தரப்பினர் பெரும்பாலும் கிளைக்கோ துறைக்கோ தலைவர். அவரை அசைத்தால் வேலை நின்றுவிடும் என்பார்கள். எனவே "உங்கள் நன்மைக்குத்தான்" என்று சொல்லிப் பெண்ணிடமே ஒரு கடிதம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். நிவாரணமாக வர வேண்டியது, அவர் கையெழுத்தோடு அவரையே வெளியேற்றும் உத்தரவாக மாறிவிடுகிறது. புகாரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்னும் 16-ஆவது பிரிவும் இப்படித்தான். பெண் அதற்குப் பயந்து வாயைத் திறப்பதில்லை; எதிர்த்தரப்பினரோ தேநீர்க் கடை வாசலில் தம் பக்கத்துக் கதையைத் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். சில மாதங்களில் அலுவலகத்துக்குத் தெரிந்த ஒரே கதை அவருடையதாகத்தான் இருக்கும்.

இழப்பீட்டைப் பற்றிய 15-ஆவது பிரிவைக் கூர்ந்து படித்தால் வியப்பாக இருக்கும். மன வேதனை, மருத்துவச் செலவு ஆகியவற்றோடு, பாலியல் துன்புறுத்தல் நிகழ்வால் பணி வாய்ப்பில் ஏற்பட்ட இழப்பையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது அது. நிகழ்வால் ஏற்பட்ட இழப்பு மட்டும்தான். புகார் கொடுத்ததால் ஏற்பட்ட இழப்பு அதில் வராது. நான் மேலே சொன்ன எழுத்தர் கைவிட்ட பதவி உயர்வு இந்தக் கணக்கில் எங்கே சேரும்? அது போக, இழப்பீட்டுத் தொகை எதிர்த்தரப்பினரின் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கப்படுவது. பழிவாங்கும் நிர்வாகத்தின் பணப்பெட்டியிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குழு அமைத்து, விசாரித்து, புகாரும் உண்மை என்று கண்டு, பிறகு ஓசையில்லாமல் அப்பெண்ணை ஓரங்கட்டும் நிறுவனத்துக்கு அதுவும் இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. மத்திய அரசின் பணியாளர் துறை 2016 டிசம்பரில் தன் ஊழியர்களுக்காக ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. புகார் நிரூபணமான வழக்குகளில், முடிவு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு அப்பெண் பழிவாங்கப்படாமல் கண்காணிக்க வேண்டும். எதிர்த்தரப்பினரின் கீழோ, அவர் சார்பாகத் தொல்லை தரக்கூடிய வேறு எவரின் கீழோ அவரைப் பணியமர்த்தக் கூடாது. பழிவாங்கப்படுவதாக அவர் முறையிட்டால் பதினைந்து நாளில் முடிவெடுக்க வேண்டும் என்பவை அதன் சாரம். துன்புறுத்தல் ஒரு நாள் நடக்கலாம், அதன் பின்விளைவு ஐந்து ஆண்டுகள் நீளும் என்பதை ஓர் அரசு ஆவணமே ஒப்புக்கொண்டிருப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குறை என்னவென்றால், இது மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் பொருந்துவது. சட்டத்தின் வலிமை இல்லாதது. நிரூபணமான புகார்களைத் தாண்டாதது. போதிய சாட்சி இல்லாமல் முடிக்கப்படும் புகார்களில்தான் பழிவாங்கல் மிகவும் கடுமையாக இருக்கும். சாட்சி ஏன் இல்லாமல் போகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். கண்ணெதிரே பார்த்தவர்கள், "எனக்கு ஞாபகமில்லை மேடம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று அழுததை நான் அறிவேன்.

இன்னொரு முன்மாதிரி திண்டுக்கல்லில் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த 20 வயதுத் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அப்பெண் பல மாதங்களாகத் தொல்லைக்கு உள்ளாகியிருந்ததாகக் குடும்பத்தினரும் உடன் பணிபுரிந்த பெண்களும் கூறினார்கள். அதன் பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெண்கள் தலைமையிலான சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் உற்பத்தி நிறுவனத்தோடும், அங்கிருந்து ஆடை வாங்கிய எச் அண்ட் எம் என்னும் பன்னாட்டு ஆடை விற்பனை நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள், நிர்வாகத்தைச் சாராத குறைதீர்ப்பு முறை, புகார் கொடுத்தவர் மீது பழிவாங்கல் கூடாது என்ற வெளிப்படையான விதி ஆகியவை அதில் உள்ளன. விதியை மீறினால் வாங்கும் நிறுவனம் தன் ஆர்டரைக் குறைக்க நேரும் என்பதே அதன் பலம். நூற்பாலைகளிலும் தையல் ஆலைகளிலும் மேலாளர்கள் எந்தச் சட்டப் பிரிவுக்கும் அஞ்சாமல் ஆர்டருக்கு அஞ்சுவார்கள் என்பதை அந்தப் பெண்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

இத்தகைய ஐந்தாண்டுப் பாதுகாப்பு எல்லாப் பணியிடங்களுக்கும் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் எழும் எதிர்வாதம் எனக்குப் பழக்கமானது. ஒரு புகார் கொடுத்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு அவர் வேலை செய்யாவிட்டாலும் ஒன்றும் கேட்க முடியாதா என்று மனிதவளத் துறையினர் கேட்பார்கள். கேட்கலாம், காரணத்தை எழுத்தில் காட்டிக் கேட்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. புகாருக்கு முன்பு மூன்றாண்டுகள் நல்ல மதிப்பீடு பெற்றவருக்குப் புகாருக்குப் பிறகு அது திடீரெனச் சரிந்தால், சரிவுக்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர வேண்டும். அதைப் பரிசீலிக்க மாவட்டந்தோறும் ஏற்கெனவே உள்ளூர்ப் புகார்க் குழுக்கள் சட்டப்படி இருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்காகவும், முதலாளி மீதே எழும் புகார்களுக்காகவும் அமைக்கப்பட்ட அவற்றுக்கு இந்தப் பொறுப்பையும் கொடுப்பதில் தடையேதும் எனக்குத் தெரியவில்லை. ஒழுங்காகப் பணியாற்றாத ஒருவரை உண்மையிலேயே விசாரிக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு இதனால் நஷ்டமும் இல்லை.

மற்றொரு சிறு மாற்றம் செலவே இல்லாதது. ஒவ்வொரு குழுவும் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். வந்த புகார்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை, தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை, நடத்திய பயிற்சி வகுப்புகள் எத்தனை, நிர்வாகம் எடுத்த நடவடிக்கை என்ன என்று அதில் கேட்கிறார்கள். நானும் அந்தப் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். புகார் கொடுத்த பெண் இப்போதும் பணியில் இருக்கிறாரா, அதே ஊரில் இருக்கிறாரா, அவருக்கு உரிய பதவி உயர்வு கிடைத்ததா என்ற கேள்வி அதில் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு இந்த விவரத்தையும் சேர்த்துக் கேட்டால், எந்த நிறுவனத்தில் புகார் கொடுத்த பெண்கள் வரிசையாக ராஜினாமா செய்கிறார்கள் என்பது மாவட்ட ஆட்சியரின் மேசைக்கே வந்துவிடும். மத்திய சட்டத்தைத் திருத்தக் காலம் பிடிக்கும் என்றால், தமிழக அரசு தன் ஊழியர்களுக்கும், தன் துறைகளில் வெளி நிறுவனங்கள் மூலம் பணிபுரியும் ஒப்பந்தப் பெண்களுக்கும் இதை ஓர் அரசாணை வழியாகவே தொடங்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழில் கடந்த சில ஆண்டுகளில் வெளியான இத்தகைய புகார்ச் செய்திகளை எடுத்து, சம்பந்தப்பட்ட பெண்களின் சம்மதத்தோடும், பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட நிலையிலும், இன்று அவர்கள் எந்தப் பணியில் இருக்கிறார்கள், எவ்வளவு சம்பளம் பெறுகிறார்கள், வழக்குக்காக எவ்வளவு செலவிட்டார்கள், வேலையை விட்டிருந்தால் எப்போது, ஏன் விட்டார்கள் என்பதை ஒரு தொடராக வெளியிடுங்கள். நிறுவனங்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு அவர்கள் பதிலையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். குழுக்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண்கள் பலரை எனக்குத் தெரியும். ரகசியம் காக்கும் கடமைக்கு உட்பட்டு, படிவங்களையும் நடைமுறைகளையும் தங்கள் செய்தியாளர்களுக்கு விளக்க அவர்கள் அணியமாக இருக்கிறார்கள். என் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனித் தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அவை ஆசிரியர் குழுவின் பார்வைக்கு மட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி,
மதுரை.